கொட்ட இடமில்லாத மண்

மண்ணைப் பற்றி டிப்பர்காரரிடம் வாயைக் கொடுத்தால் லேசில் தப்ப முடியாது. இருபத்திரண்டு வருஷமாக டிப்பர் லாரி ஓட்டுகிறவர். மனுஷர்களைக்கூட மண்ணை வைத்துத்தான் எடை போடுவார். "அந்த ஆளு களிமண்ணுப்பா, ஒட்டினா விடமாட்டான்" என்பார். தன் லாரி முதலாளியைக் கேட்டால், "வெறும் சவுடு, எதுக்கும் நிக்காது" என்று சிரிப்பார்.

நல்ல மண்ணா என்று பார்க்க அவரிடம் ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிப்பார். கையைத் திறந்ததும் கட்டியாக நின்றால் களி. வீட்டு வாசலுக்கு ஆகாது, மழைக்கு வழுக்கிவிடும். பொலபொலவென்று உதிர்ந்தால் தேறும். அப்புறம் விரலால் கிளறி வேர் இருக்கிறதா என்று பார்ப்பார். வேர் இருந்தால் பின்னால் அது மக்கி, போட்ட மேடு உள்வாங்கிவிடும். களை வேறு முளைத்துத் தொலைக்கும். உதிரணும், வேர் கூடாது. அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். கட்டட இஞ்சினீயர்களே "நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று அவரைக் கூப்பிடுவது உண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அவர் குடியிருக்கும் தெரு ஒரு பள்ளம். எந்தப் புண்ணியவான் அங்கே மனை பிரித்தானோ தெரியாது. நாலு தூறல் விழுந்தால் போதும், ஊர்த் தண்ணியெல்லாம் சொந்தக்காரன் மாதிரி உரிமையோடு வீட்டுக்குள் வந்துவிடும். செருப்பும் வாளியும் மிதக்கும். கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்போது வடியும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "ஊர் வாசலையெல்லாம் மேடாக்குற மனுஷன், சொந்த வாசல்ல முழங்கால் தண்ணி" என்று அவர் மனைவி குத்திக்காட்டாத மழைக்காலம் இல்லை. அவள் ஆஸ்பத்திரித் துணி தேய்க்கும் வேலைக்குப் போகிறவள். சூடாகத் தேய்ப்பதுபோலவே சூடாகப் பேசவும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு புது வேலை வந்தது. பழைய பேட்டரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கிற ஷெட் ஒன்று ஊர் ஓரத்தில் இருந்தது. மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. யாரோ அந்த இடத்தை வாங்கிக் கிடங்கு கட்டப் போனார்கள். மேல் மண்ணை இரண்டடி சுரண்டி எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கிற கல்குழியில் கொட்டிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. டிரைவர்களும் கேட்கவில்லை. மண்ணுக்கு ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

நம்ம ஆள் வழக்கம்போல ஒரு பிடி அள்ளினார். உதிர்ந்தது. கிளறினார். ஒரு வேர் இல்லை, ஒரு புழு இல்லை, பத்து வருஷம் பூட்டிக் கிடந்த இடத்தில் மருந்துக்குக்கூட ஒரு புல் இல்லை. "அடேயப்பா! இந்த மண்ணைப் போய்க் குழியில கொட்டச் சொல்றானே, இவனுக்கு என்ன கிறுக்கா?" என்று நினைத்தார். நியாயமாகப் பார்த்தால் அங்கேதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். புல்லே முளைக்காத இடம் என்ன இடம் என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். ஆனால் பதினாறு வருஷமாகக் களையைத் திட்டித் திட்டியே பழகிய மனுஷருக்கு, களை இல்லாத மண் என்றால் முதல் தர மண். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

ஒன்பது லோடு தன் தெருவுக்கே கொண்டுவந்து இறக்கினார். குழிக்குப் போகிற தூரமும் மிச்சம், தெருவும் மேடாகும். எதிர்வீட்டுத் தபால்காரர், "எனக்கு ரெண்டு லோடு போடுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார். அந்த வருஷ மழையில் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. ஆளாளுக்கு அவரைக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனைவிகூட, "கல்யாணம் ஆனதுல இருந்து இந்த மனுஷன் பண்ணின ஒரே உருப்படியான காரியம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். அது அவர் காதிலும் விழுந்தது. இரண்டு நாளைக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வருஷ மழையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அந்த மழைக்காலம் முடிகிற நேரத்தில்தான் மகள் பிறந்தாள். பதினொரு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் மூடியதில்லை என்பதால் தெருவே அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டது. வாசலில் அவளுக்கு ஒரு டீக்கடை இருந்தது. பாட்டில் மூடியில் மண்ணைப் போட்டுத் தண்ணி ஊற்றிக் கலக்கி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் டீ கொடுப்பாள். வேலை முடிந்து வரும் அப்பாவுக்கு எப்போதும் ஸ்பெஷல் டீ. அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உறிஞ்சுகிற மாதிரி சத்தம் போடுவார். அவள் அப்படி இல்லை. கடைக்காரி அல்லவா, சக்கரை சரியா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பாள்.

அவளுக்கு நாலரை வயது ஆனபோது ஒரு சனிக்கிழமை காலை சுகாதார நர்ஸ் ஒருத்தர் தெருவுக்கு வந்தார். கூடவே ஊசி, சின்னச் சின்னக் குப்பி எல்லாம் வைத்த பெட்டி. ஷெட் இருந்த இடத்தில் கட்டிய கிடங்கில் வேலை செய்கிறவர்கள் சிலருக்கு உடம்பு சரியில்லாமல் போய், இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று தெரிந்து, அந்தப் பழைய ஷெட் மண் எங்கெங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

"பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அந்த ஈயமா?" என்று டிப்பர்காரர் மனைவி கேட்டாள்.

"அது வெள்ளீயம்மா. இது காரீயம், பேட்டரிக்குள்ள இருக்கிறது. பெரியவங்களுக்கும் ஆகாது, பிள்ளைங்களுக்கு விஷம்" என்ற நர்ஸ், கூடியிருந்தவர்களைப் பார்த்து, "இந்தத் தெருவுல அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால யாராவது மண்ணு அடிச்சாங்களா?" என்று கேட்டார்.

தெருவே ஒரே குரலில், "இதோ, இவர்தான்!" என்றது. பரிசு வாங்க ஆளைக் காட்டுவதுபோல இரண்டு பேர் அவர் முதுகைத் தட்டி முன்னால் தள்ளிவிட்டார்கள். அவரும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். நர்ஸ் முகத்தைப் பார்த்த பிறகுதான் பின்னால் நகர்ந்தார்.

அன்றைக்கே பிள்ளைகளுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து நாள் கழித்து, யாருக்கு எவ்வளவு ஈயம் என்று காகிதம் வந்தது. வாயாடிக்குப் பத்தொன்பது. தபால்காரர் மகனுக்குப் பதினாலு.

"எவ்வளவு இருக்கலாம்மா?" என்று டிப்பர்காரர் கேட்டார்.

"உண்மையைச் சொன்னா ஒண்ணுகூட இருக்கக் கூடாது அண்ணே. அஞ்சு வந்தாலே எங்கிருந்து வருதுன்னு தேடச் சொல்லுவாங்க."

"மருந்து எழுதிக் கொடுங்க. எங்க கிடைச்சாலும் வாங்கிட்டு வந்துடறேன்."

"இந்த அளவுக்கு மருந்து கிடையாது. மண்ணுல இருந்து பிள்ளையைத் தள்ளி வைக்கணும், அதுதான் மருந்து." நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆறு வயசுக்குள்ளதான் மூளை மடமடன்னு வளரும். அந்த நேரத்துலதான் இது பெரிய சேதம் பண்ணும். போனது போனதுதான், திரும்ப வராது. அதுக்குத்தான் சொல்றேன்."

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. நேற்றுச் சொன்ன பாட்டை இன்றைக்கு மறந்துவிடுகிறாள், சும்மா சும்மா எரிந்து விழுகிறாள், வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்கிறாள். பள்ளிக்கூடம் போக டபாய்க்கிறாள் என்று மனைவி இரண்டு அடிகூட வைத்திருந்தாள். அதை நினைத்து நினைத்து அன்றைக்கு முழுக்க அழுதாள்.

தெருவில் தன்னைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள் என்று டிப்பர்காரர் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. தானாகவே தபால்காரர் வீட்டுக்குப் போய் நின்றார். "அண்ணே, நாலு வார்த்தை திட்டிடுங்க."

தபால்காரர் சைக்கிள் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நானே கெஞ்சி வாங்கின மண்ணுய்யா அது. உன்னை என்னன்னு திட்டுறது? போ, போய்ப் பிள்ளையைப் பாரு" என்றார். அதற்கப்புறம் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கோபம் என்று இல்லை. பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

நர்ஸ் சொன்னதையெல்லாம் செய்தார்கள். தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கை, தூக்கத்துக்கு முன்னால் கை, எதற்கெடுத்தாலும் கை. பிள்ளையின் விரலெல்லாம் சுருங்கிப் போய்விட்டது. டீக்கடையை இழுத்து மூடியாயிற்று. நாலரை வயதுப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே எத்தனை நாளைக்குப் பூட்டிவைப்பது? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்பாள். மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே அறை, ஏற்கெனவே ஆறு பேர். எட்டாம் நாள் அக்காவே தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால் அந்த வாசலை இனி யார் வாங்குவார்கள்? வாடகைக்கு வேறு இடம் போவது இரண்டு பேர் சம்பளத்துக்கும் எட்டவில்லை.

"மண்ணை நீங்களா தொடாதீங்க. மாசுக்கட்டுப்பாட்டு ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வந்து முறைப்படி எடுப்பாங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு ஈ காக்கை வரவில்லை. எந்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனுஷர் எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டு அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார். முதலாளியிடம் ஏதோ சொல்லி லாரியை வாங்கி வந்தார். கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கிவிட்டார்.

நான் போட்டது, நானே எடுக்கிறேன் என்பதுதான் அவர் நினைப்பு. ஒன்றரை அடி ஆழத்துக்கு வாசல் முழுக்க வெட்டினார். பலகை சாய்த்து, கூடை கூடையாக ஏற்றினார். மழை விட்டு வெகுநாள் ஆன காய்ந்த மண். காற்று வேறு. ஒவ்வொரு கூடைக்கும் புகை மாதிரித் தூசி எழும்பியது. வீட்டு ஜன்னல் இரண்டும் ஆவென்று திறந்து கிடந்தன. கொடியில் பிள்ளையின் துணி காய்ந்துகொண்டிருந்தது. சாத்த வேண்டும், எடுக்க வேண்டும் என்று அந்தப் பாவி மனுஷருக்குத் தோன்றவே இல்லை. இதுவரை மண் என்றால் அவருக்குக் கீழே கிடப்பதுதான்.

மத்தியானம் லோடு நிறைந்தது. தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் கல்குழி. சுற்றிலும் வேலி, பூட்டு, உள்ளே தண்ணீர். "இதை மூடி மூணு வருஷமாச்சு, ஊருக்கே குடிதண்ணி இங்கிருந்துதான் போகுது" என்றார் காவல்காரர். அடுத்து ஊர்க் குப்பைமேடு. வாசலில் இருந்தவர், "எங்கிருந்து வர்ற மண்ணு?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். அவர் உண்மையைச் சொன்னார். "அய்யய்யோ, அதுக்குத் தனி உத்தரவு வேணும், வண்டியை எடுங்க முதல்ல" என்று வாசல்காரர் கையை வீசி விரட்டினார்.

அப்புறம் பல இடம் பார்த்தார். ஏரிக்கரை ஓரம் ஒரு பள்ளம் இருந்தது, பக்கத்தில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாலையோர வாய்க்காலில் மாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அடியில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் அவர் கொட்டாத மண்ணா? கண்ணை மூடிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்துக் கொட்டிவிட்டுப் போகிற ஆள். இன்றைக்கு எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் அங்கே யாரோ இருந்தார்கள். அவர்கள் எப்போதும் அங்கேதான் இருந்திருப்பார்கள், இவர்தான் பார்க்கவில்லை.

ஊர் எல்லையில் புதிதாக எழும்பிய வீடுகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"அண்ணே, மண்ணா வச்சிருக்கீங்க? எங்க வாசல்ல கொட்டிட்டுப் போங்களேன். மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி நிக்குது."

"இது ஆகாதும்மா."

அவள் தார்ப்பாய் ஓரத்தில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். "நல்லா உதிரியாத்தானே இருக்கு?"

டிப்பர்காரர் பாய்ந்து இறங்கி அவள் கையைத் தட்டிவிட்டார். "கீழ போடும்மா! போய்க் கையைக் கழுவு! விஷம்மா அது, பிள்ளை இருக்கிற வீட்டுல போடக் கூடாது!"

அவள் இரண்டடி பின்வாங்கினாள். "விஷமாம்ல! வேற யாருக்கோ பேசி வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. அதுக்கு எதுக்கு இப்படிக் கையை ஓங்குறீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். கையை அவள் பாவாடையில்தான் துடைத்தாள். அதே கையால் குழந்தையின் வாயையும் துடைத்தாள். அவர் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலாளி போன் மேல் போன். காலை ஆறு மணிக்கு ஜல்லி லோடு, வண்டி காலியாக வந்து நிற்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிப்பர்காரர் தன் தெருவுக்கே திரும்பி வந்தார். வேறு என்ன செய்வார்? வண்டியைப் பின்னால் எடுத்து, நெம்புகோலை இழுத்தார். வெட்டிய பள்ளத்திலேயே மண் சரிந்து விழுந்தது. அந்தத் தூசி அடங்குவதற்குள் மனைவியும் மகளும் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா!" என்று மகள் ஓடி வந்தாள். "வராதே! அங்கேயே நில்லு!" என்று அவர் கத்திய கத்தில் அவள் மிரண்டு போய் நின்றாள். தலையிலிருந்து கால்வரை மண்ணாக நின்ற அவரையும், வாசலையும், திறந்து கிடந்த ஜன்னலையும் மனைவி மாறி மாறிப் பார்த்தாள். அவள் திட்டாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. டிப்பர்காரர் லாரிப் படியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைக்கக்கூடச் சுத்தமான கை இல்லாமல் அழுதார்.

ஒரு மாதம் கழித்து நர்ஸ் மறுபடியும் இரத்தம் எடுத்தார். இந்தத் தடவை இருபத்தாறு. நர்ஸ் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "வீட்டுக்குள்ள இருந்த பிள்ளைக்கு எப்படி ஏறும்? யாராவது தோண்டினாங்களா?"

"நான்தான்மா" என்றார் டிப்பர்காரர்.

நர்ஸுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. "ஆபீஸுக்கு நேர்ல போய்க் கேளுங்க அண்ணே. நானும் எழுதறேன். பிள்ளைக்கு வயசு போய்க்கிட்டே இருக்கு" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். ஆபீஸ் இரண்டாம் மாடியில் இருந்தது. மின்விசிறி காற்றில் பறக்காமல் காகிதங்கள்மேல் கல் வைத்திருந்தார்கள். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கட்டைப் பிரித்து அவர் கண்முன்னாலேயே தேடினார். ஷெட் மண் மொத்தம் பதினேழு இடத்துக்குப் போயிருக்கிறதாம். குழிக்குப் போகிற தூரத்தை மிச்சம் பிடித்த டிரைவர் அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. ஒரு பள்ளிக்கூட மைதானத்திலும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலும்கூட அது கிடக்கிறது. முதலில் அவைதான் எடுக்கப்படும். கிளார்க் விரல் பட்டியலில் கீழே கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது.

"உங்க தெரு பதிமூணாவது. எதையும் விட்டுடலை, பாருங்க, வரிசையா இருக்கு. ரெண்டு வருஷத்துல கண்டிப்பா வந்துடுவோம்."

டிப்பர்காரர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "அப்போ எம்பொண்ணுக்கு ஏழு வயசு ஆகப்போகும் சார்."

கிளார்க் முகம் மலர்ந்தது. அந்த மனுஷரை எப்படியாவது தேற்றி அனுப்ப வேண்டும் என்று அவருக்கு இருந்தது. "ஏழு வயசா? அப்போ கவலையை விடுங்க. அதுக்குள்ள பெரிய பொண்ணாயிடுவா, மண்ணுல எல்லாம் விளையாட மாட்டா" என்றார்.

"ஆமா சார்" என்றார் டிப்பர்காரர். அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.